விஜயதசமியன்று கறுத்த திரை

போர்ட் பிளேரைத் தாண்டி, பெரார்கஞ்ச் பஜாரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. பெயர் மீனா டிஜிட்டல். மீனா என் மனைவி. தன் பெயரை வைத்ததால்தான் கடை ஓடுகிறது என்று அவள் சொல்வாள், நான் மறுப்பதில்லை. பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடப் படம், கல்யாண வீடியோ, மிக்ஸிங், லேமினேஷன் எல்லாம் உண்டு. வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் கல்யாணம் நடந்தாலும் என் கேமரா அங்கே போய் நிற்கும். பரமக்குடியை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. திருநாவுக்கரசு என்ற முழுப்பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. தமிழர்களுக்கு நான் அரசு அண்ணன், வங்காளிகளுக்கு அர்சு தாதா.

நான் சொல்லப்போவது என் கதை இல்லை. என்னிடம் மூன்று வருஷம் வேலை பார்த்த ஜெயராணியின் கதை. ஆனால் அந்தக் கதையில் நான் ஒரு கேவலமான வேலை செய்திருக்கிறேன். என்னை விட்டுவிட்டுச் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஏற்கனவே இந்த விஷயத்தில் ஒரு பொய் சொல்லியாயிற்று, இன்னொன்று வேண்டாம்.

ஜெயராணி கட்சால் தீவில் பிறந்தவள். அவளுடைய அப்பா அம்மா இலங்கையில் மலைத்தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டதில் கப்பலேற்றப்பட்டு, முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, ரப்பர் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று கட்சாலில் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். இவள் பதினாறு வயதில் ரப்பர் வெட்ட ஆரம்பித்தாள். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிற வேலை. தோலை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்பதுதான் அதில் எல்லாம். கொஞ்சம் கூடிப்போனால் மரம் புண்ணாகிவிடும், பிறகு அந்த இடத்தில் பால் வராது. அவள் வெட்டிய மரத்தில் புண்ணே இருக்காது என்று அவளுடைய அண்ணன் வெள்ளைச்சாமி என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஜெயராணி புருஷன் முத்துவீரனோடும் நாலு வயது மகளோடும் மீன் வாங்கக் கரைக்கு இறங்கியிருந்தாள். முதல் தண்ணீரிலேயே முத்துவீரன் போய்விட்டான். அடுத்த தண்ணீரில் இவளுடைய இடது கை ஒரு மரத்தைப் பிடித்திருந்தது, வலது கை மகளைப் பிடித்திருந்தது. தண்ணீர் இறங்கியபோது மரம் மட்டும்தான் கையில் இருந்தது. இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். எப்போது சொன்னாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போர்ட் பிளேர் முகாமில் இருந்தபோது யாரோ ஒரு தொண்டு அமைப்பு மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியது. ஹிந்தியில்தான் பாடம். மற்றவர்கள் ஒரு வாரத்தில் நின்றுவிட்டார்கள், இவள் மூன்று மாதமும் போனாள். பிறகு பெரார்கஞ்சில் தோட்ட வேலையில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வெள்ளைச்சாமி என் கடையில் படம் எடுக்க வந்தபோது, கூட்டிப் பெருக்கவாவது ஆள் வேண்டுமா என்று கேட்டார். அப்படித்தான் வந்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். குனிந்த தலை நிமிரமாட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில். நான் அதிகம் பேசுகிறவன், கத்துகிறவன். என் கடையில் அவளுக்கு எப்படிப் பொழுது போகும் என்று மீனா கவலைப்பட்டாள்.

வந்த இரண்டாவது மாதம் ஒரு வங்காளி அம்மா தன் ஆறு மாதக் குழந்தையோடு வந்தாள். முதல் சோறு ஊட்டும் சடங்கு முடிந்த கையோடு, தலையில் காகிதக் கிரீடம் வைத்து ஒரு படம் வேண்டும். குழந்தை கத்திய கத்தலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கிலுகிலுப்பை ஆட்டினேன், நாய் மாதிரி குரைத்தேன், விசில் அடித்தேன். அது இன்னும் கத்தியது. அந்த அம்மா சலித்துப்போய், பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற ஜெயராணியின் கையில் குழந்தையைத் திணித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

ஜெயராணி ஆடாமல் நின்றாள். எனக்கு அவள் முகம் சரியில்லை என்று பட்டது. குழந்தையைக் கீழே போட்டுவிடுவாளோ என்று நான் ஓடப் பார்த்தேன். அதற்குள் குழந்தை ஒரு தடவை விம்மி, அவள் தோளில் கன்னத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. அந்தப் படம் இன்றும் என் கடைக் கண்ணாடியில் இருக்கிறது. அவர்கள் போன பிறகுதான் அவள் மகளைப் பற்றிய அந்த விஷயத்தைச் சொன்னாள்.

"இந்தக் கையிலதாண்ணே புடிச்சிருந்தேன். அன்னிக்கு அப்புறம் எந்தக் கொழந்தையையும் தொட்டதில்ல. இன்னிக்கு அந்தம்மா கேக்காம குடுத்துட்டாங்க."

அதன் பிறகு என் கடையில் குழந்தைகளைப் பிடிப்பது அவள் வேலை ஆகிவிட்டது. எந்தக் குழந்தையும் அவள் கையில் அழாது. எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆட்டமாட்டாள், கொஞ்சமாட்டாள், பாட்டுப் பாடமாட்டாள். சும்மா பிடித்துக்கொண்டு நிற்பாள். விம்பர்லிகஞ்சிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். 'பச்சாவாலி தீதி', அதாவது குழந்தை பிடிக்கிற அக்கா, 'இருக்காங்களா' என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். அவள் தலை நிமிர ஆரம்பித்தாள். ஒருநாள் என் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள் என்று மீனாவிடம் போய்ச் சொன்னேன். மீனா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

கம்ப்யூட்டரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் எடுத்துக்கொண்டாள். முதலில் கல்யாண வீடியோவில் பெயர் அடித்தாள், பிறகு படங்களைச் சரிசெய்தாள், பிறகு வீடியோவை வெட்டி ஒட்டுகிற மிக்ஸிங். எனக்கு ஒன்று புரியவில்லை என்றால் நாலு பட்டனைத் தட்டிப் பார்க்கிற ஆள் நான். அவள் அப்படி இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் அது இப்போது எப்படி இருக்கிறது என்று அதில் எழுதிக்கொள்வாள், வரைந்துகொள்வாள். அப்புறம்தான் தொடுவாள்.

"என்ன ஜெயராணி, மிஷினுக்கு ஜாதகம் எழுதுறியா?" என்று கேலி செய்வேன்.

"ஆழமா வெட்டிட்டா திரும்ப ஒட்டாதுண்ணே. மொதல்ல எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சிக்கணும்ல," என்பாள்.

இனி கிராபிக்ஸ் கார்டு விஷயம். சுனாமிக்குப் பிறகு நாலாவது வருஷம் எல்லாருக்கும் வீடியோவில் மாயம் வேண்டியிருந்தது. மாப்பிள்ளை பெண் இரண்டு பேரும் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து வர வேண்டும், தாஜ்மகாலுக்கு மேல் பறக்க வேண்டும். என் கம்ப்யூட்டர் ஒரு ரோஜா விரிவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். படத்துக்கென்று தனியாக அந்தக் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்று போர்ட் பிளேர் மெக்கானிக் உதயசூரியன் சொன்னார். மெயின்லேண்டுக்குப் போயிருந்த என் மைத்துனன் அதைச் சென்னையில் வாங்கி, கைலிக்குள் சுற்றி, கப்பலில் கொண்டுவந்தான். கூடவே, அந்தக் கார்டைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற டிரைவர் சிடி. அதைத் தொலைத்துவிடாதே என்று நூறு தடவை சொல்லி அனுப்பியிருந்தேன். அப்போது இங்கே இருந்த இன்டர்நெட்டில் ஒரு படம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், டிரைவரை எல்லாம் அதில் இறக்குவது நடக்காத காரியம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் உதயசூரியன் வந்து கார்டைச் செருகினார். டிரைவரையும் ஏற்றிவிடுகிறேன் என்றவரை நான்தான் தடுத்தேன். நாள் கிழமை பார்க்கிற ஆள் நான். நாளை மறுநாள் விஜயதசமி, புது வேலையை அன்றைக்குத் தொடங்கினால்தான் நன்றாக வரும் என்றேன். அவருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "சிடியப் போட்டு நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு குடுத்தா போதும்," என்று ஜெயராணியிடம் சொன்னார். பிறகு கம்ப்யூட்டரின் முதுகைக் காட்டி அவளிடம் ஏதோ விளக்கினார். நான் வாசலில் ஒரு மலையாளியோடு ஆல்பம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் நோட்டை எடுத்து வரைந்ததை மட்டும் பார்த்தேன்.

ஆயுத பூஜையன்று எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவது என் வழக்கம். கேமரா, லைட், பிரிண்டர், கம்ப்யூட்டர், கத்தரிக்கோல்கூட விடமாட்டேன். இந்த வேலையில் யாரையும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டேன். மறுநாள் காலை நல்ல நேரத்தில் குளித்துவிட்டு வந்து நானே எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். மானிட்டரின் நீலத்தலை வயர் எங்கே போகும் என்பது என் விரலுக்கே தெரியும். மேஜைக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே மாட்டித் திருகினேன். ஸ்விட்சைப் போட்டேன், திரை வந்தது. திரையில் வைத்திருந்த முருகன் படம் சிரித்தது.

ஜெயராணி ஒன்பது மணிக்கு வந்தாள். புது நூலில் கட்டிய பூவை மானிட்டருக்குப் போட்டாள். சிடியை அவள் கையில் கொடுத்து, நீயே தொடங்கு என்றேன். அவள் தயங்கினாள்.

"நல்ல நாள்ணே. மீனாக்காவ செய்யச் சொல்லுங்க. நான் வேணாம்."

புருஷனை இழந்தவள், நல்ல நாளில் புது வேலையைத் தொடங்கக்கூடாது என்று நினைக்கிறாள் என்று புரிந்தது. அதெல்லாம் என் கடையில் கிடையாது என்று பெரிதாகச் சொன்னேன். எனக்கு என் மேல் அப்போது ஒரு மதிப்பு வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு தெலுங்குக்காரர் அவருடைய தம்பியின் கல்யாண வீடியோவுக்காக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் விசாகப்பட்டினம் கப்பல் ஏறுகிறார்கள், அதற்குள் சிடி வேண்டும். அவருக்கும் புரியட்டும் என்று நான் இதை ஹிந்தியிலும் சொன்னது எனக்கு இன்னும் பிடித்திருந்தது.

அவள் சிடியைப் போட்டாள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட். பச்சைக் கோடு மெல்ல ஓடி முடிந்தது. மிஷினை அணைத்துப் போடச் சொல்லிக் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். திரை அணைந்தது, வெள்ளை எழுத்து வந்தது, பிறகு கறுத்தது. கறுப்பென்றால் முழுக் கறுப்பு. அதில் என் முகமும் அவள் முகமும் தெரிந்தன.

காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. ஆனால் ஸ்பீக்கரிலிருந்து கம்ப்யூட்டர் திறக்கும்போது வருகிற இசை மட்டும் வந்தது.

"அண்ணே, ஆவாஸ் வருது," என்றாள். சத்தத்துக்கு அவளுக்கு ஆவாஸ்தான், எங்கள் எல்லோர் தமிழிலும் பாதி ஹிந்தி. "மிஷின் உள்ள ஓடுதுண்ணே. ஸ்க்ரீன் மட்டும்தான் பந்த். பின்னால ஒரு தடவ பாக்கட்டா? நோட்டுல வரைஞ்சிருக்கேன்."

"தொடாத."

அணைத்துப் போட்டேன். வெள்ளை எழுத்து, கறுப்பு, இசை. மறுபடி போட்டேன். அதே. மானிட்டரை ஒரு தட்டுத் தட்டினேன். பூ விழுந்தது. தெலுங்குக்காரர் எழுந்து வந்து, என்ன ஆச்சு, எங்கள் வீடியோ உள்ளேதானே இருக்கிறது, போய்விட்டதா என்று ஹிந்தியில் கேட்டார். டேப்புகளை மறுபடி மறுபடி பயன்படுத்துகிற கடை என் கடை. புது டேப் கப்பலில் வர வேண்டும், அதனால் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் டேப்பை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போய்விடுவேன். அவர் தம்பியின் கல்யாணம் அந்தக் கறுப்புக்குள் மட்டும்தான் இருந்தது. 

"அண்ணே, ஒரே ஒரு தடவ பின்னால..."

அப்போதுதான் அதைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் வந்தது என்பதுதான் அசிங்கம், அவ்வளவு நாள் உள்ளே எங்கேயோ இருந்திருக்கிறது.

"உன்கிட்ட குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். உன் கையில எதுதான் தங்குச்சு? புடிச்சது எதுவும் நிக்காத கை."

 தெலுங்குக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர் தரையைப் பார்த்தார். ஜெயராணி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள், அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு நோட்டில் ஏதோ எழுதினாள். மூடி, டிராயருக்குள் வைத்தாள். டீ கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தாள். விழுந்த பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் போனாள். மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளைச்சாமியை பஜாரில் பார்த்தேன். கட்சாலுக்கே போகிறேன் என்று கிளம்பிவிட்டாள், கப்பல் ஏற்றிவிட்டு வந்தேன் என்றார். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லையாம். அவர் என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன்.

அந்த நாட்களில் உதயசூரியன் தெற்கே கடைசித் தீவில் இருக்கிற கேம்பல் பேயில் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஆபீஸ் வேலையாகப் போனவர், கடல் சரியில்லை என்று கப்பல் தள்ளிப்போய், போனும் கிடைக்காமல் இருந்தார். தெலுங்குக் குடும்பம் சிடி இல்லாமல் கப்பல் ஏறியது. போகும்போது என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பஜாரில் பச்சாவாலி தீதி எங்கே என்று கேட்டவர்களிடம் எல்லாம், மிஷினைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டாள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

ஒன்பதாம் நாள் உதயசூரியன் வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. மிஷின் போட்டதும் இசை வந்ததைக் கேட்டார், மேஜையை இழுத்தார், பின்னால் எட்டிப் பார்த்தார். மேலே இருந்த சாக்கெட்டிலிருந்து நீலத்தலையைக் கழற்றிக் கீழே இருந்த சாக்கெட்டில் மாட்டினார். திரை வந்தது. முருகன் சிரித்தார். எல்லாம் உள்ளே இருந்தது, தெலுங்குக் கல்யாணம், ரோஜாப்பூ, எல்லாம்.

"மேல இருக்கறது பழைய வழிண்ணே. டிரைவர் ஏறாத வரைக்கும் உங்க மிஷின்ல ரெண்டு வழியிலயும் படம் வரும். ஏறினதும் எல்லாம் கார்டு வழியாத்தான். அந்தம்மாகிட்ட சொல்லி வரையவும் வச்சேனே. யாருண்ணே இத மேல மாட்டுனது?"

நான் மாட்டினேன் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். இரண்டே வார்த்தை.

"அந்தப் பொம்பளதான் மாட்டியிருக்கும்," என்றேன்.

அவர் போன பிறகு டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தேன். ஒரு பக்கத்தில் கம்ப்யூட்டரின் முதுகை வரைந்திருந்தாள். ஒவ்வொரு வயருக்கும் ஒரு கோடு. மானிட்டர் வயருக்குக் கீழ் சாக்கெட்டில் வட்டம் போட்டு, 'இனி எப்பவும் இங்கதான், மேல போடக்கூடாது' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். அடுத்த பக்கம் விஜயதசமி. அவள் எழுத்து எப்போதும் ஒரே அளவில் இருக்கும், அன்றும் அப்படியே இருந்தது. 'ஸ்க்ரீன் கருப்பு. ஆவாஸ் வருது. உள்ள நல்லா இருக்கு. பின்னால வயர் பாக்கணும். அண்ணன் தொட வேண்டாம்னு சொல்லிட்டார்.' அதற்குப் பிறகு பக்கங்கள் காலியாக இருந்தன.

அன்றைக்கே கிளம்பிப் போயிருக்க வேண்டும். வெள்ளைச்சாமியிடமாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மீனா நோட்டைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முகூர்த்தம் வந்தது, மழை வந்தது, மறுபடி முகூர்த்தம் வந்தது. கட்சாலுக்குப் போக அரசாங்கத்திடம் அனுமதிப் பாஸ் வாங்க வேண்டும், கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கடையில் குழந்தைகள் கத்திக்கொண்டே இருந்தன.

கடைசியில் கட்சாலில் ஒரு ரப்பர் தோட்டக் குடும்பம் காதுகுத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டது. போர்ட் பிளேரில் யாரும் அவ்வளவு தூரம் வரச் சம்மதிக்கவில்லையாம். நான் உடனே ஒத்துக்கொண்டேன். பாஸ் வாங்கி, ஒரு பகலும் ஒரு இரவும் கப்பலில் போய் இறங்கினேன். சுனாமியில் போன வீடுகளுக்குப் பதிலாகத் தூண் மேல் நிற்கிற புது வீடுகள் வரிசையாக இருந்தன. ஜெயராணி வீடு எது என்று கேட்டதும் காட்டினார்கள். அவள் மறுபடி ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தாள். காலை வெட்டு முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், கையில் பால் காய்ந்து தோல் தோலாக உரிந்துகொண்டிருந்தது.

"வாங்கண்ணே. அக்கா நல்லா இருக்காங்களா? உக்காருங்க, சாயா போடறேன்," என்றாள், நேற்றுப் பார்த்தவள்போல.

சாயாவைக் குடித்துவிட்டு நான் ஆரம்பித்தேன். வயரைப் பற்றிச் சொன்னேன். மேல் சாக்கெட், கீழ் சாக்கெட், உதயசூரியன் சொன்ன காரணம், பூஜை அன்று நான் பார்க்காமல் மாட்டியது, பிறகு பழியை அவள் மேல் போட்டது, எல்லாம். எல்லாம் என்றுதான் நினைத்தேன். நீ செய்தது ஒரு தப்பும் இல்லை ஜெயராணி, எல்லாம் நான் செய்ததுதான், மன்னித்துவிடு என்றேன். நோட்டையும் கொண்டுபோயிருந்தேன், கொடுத்தேன்.

"வயராத்தான் இருக்கும்னு நெனச்சேண்ணே. மிஷின் நல்லா ஆயிடுச்சுல்ல, அது போதும். அந்தத் தெலுங்குக்காரங்களுக்கு சிடி குடுத்துட்டீங்களா?"

தபாலில் அனுப்பிவிட்டேன் என்றேன். "டீக்கே, சரிண்ணே," என்று சிரித்தாள். மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இவ்வளவு சுலபமான காரியத்தையா ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன் என்று இருந்தது.

காதுகுத்து கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பந்தலில். குழந்தை நல்ல கொழுகொழு குழந்தை, பதினோரு மாதம். ஊசி பட்டதும் ஊரைக் கூட்டியது. கம்மல் போட்டாயிற்று, மாமன் மடியில் வைத்துப் படம் எடுக்க வேண்டும், நிற்கவே இல்லை. தாய் வாங்கினாள், மாமன் வாங்கினான், தூக்கிப்போட்டுப் பிடித்தார்கள், அழுகை நிற்கவில்லை. கூட்டத்தில் பின்னால் ஜெயராணி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு மூன்று வருஷப் பழக்கம். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே கூப்பிட்டேன்.

"ஜெயராணி, நீ கொஞ்சம் புடிம்மா."

குழந்தையின் அம்மா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயராணி ஒரு அடி பின்னால் வைத்து, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேற யாரயாச்சும் புடிக்கச் சொல்லுங்கண்ணே. என் கையெல்லாம் ரப்பர் பாலு."

கையெல்லாம் அவள் நன்றாகக் கழுவியிருந்தாள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மெல்லச் சொன்னாள். "அவ கொழந்தைங்களத் தொடமாட்டா. நீங்க அவளக் கேக்காதீங்க. போர்ட் பிளேர் பக்கம் போயி நல்லா ஆயிட்டான்னு அவ அண்ணன் லெட்டர் போட்டிருந்தாரு. திரும்பி வந்ததுலேர்ந்து மறுபடி அப்படித்தான்."

அழுகிற குழந்தையை அப்படியே படம் எடுத்தேன்.  காலையில் அவள் வீட்டில் நான் வயரைப் பற்றித்தான் மன்னிப்புக் கேட்டிருந்தேன். கையைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தையை நான் தொடவே இல்லை. அதைத் தாண்டிப் போய்விட்டேன், அவளும் என்னைத் தாண்டிப் போக விட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இலை எடுத்துக்கொண்டிருந்தவளைத் தனியாகப் பிடித்தேன். கப்பலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"அன்னிக்கு உன் கையப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன். அது பாவம்மா. அப்படி நான் நெனச்சதில்ல. அந்தக் கையாலதான் என் கடையே ஓடுச்சு. அத மனசுல வச்சுக்காத."

அவள் இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தாள். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் அவள் யோசித்தாள் என்று நினைக்கிறேன். கோபம் அவள் முகத்தில் இல்லவே இல்லை.

"நீங்க புதுசா ஒண்ணும் சொல்லலண்ணே. எனக்குத் தெரிஞ்சதுதான். கொஞ்ச நாளு மறந்துட்டு இருந்தேன், நீங்க ஞாபகப்படுத்துனீங்க. அவ்வளவுதான்."

கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் கப்பல் நிற்கும் ஜெட்டி வரைக்கும் வந்து, மீனாவுக்கென்று ஒரு பை நிறையத் தேங்காய் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் காதுகுத்து ஆல்பத்தை நான் செய்து அனுப்பினேன். ஒரு படத்தில்கூடக் குழந்தை அழாமல் இல்லை.